நான்காவது மொழி: பாடாங் செராயிலிருந்து தொடங்குபவருக்கு

கெடா மாநிலத்தில் பாடாங் செராய், லூனாஸ், கூலிம் பக்கத்துத் தமிழ்ப் பிள்ளை ஐந்தாம் படிவம் முடிக்கும்போதே மூன்று மொழிகளோடு வெளியே வருகிறார். வீட்டிலும் தமிழ்ப்பள்ளியிலும் தமிழ், இடைநிலைப்பள்ளியில் மலாய், பாடத்துக்கு ஆங்கிலம். மளிகைக் கடையில் விலை கேட்கிற அளவுக்கு ஹொக்கியென் எனும் சீன மொழியிலும் நாலு சொல் இருக்கும். இதை ஒரு தகுதி என்று வீட்டில் யாரும் எண்ணுவதில்லை. ஆனால் நான்காவதாக ஒரு வெளிநாட்டு மொழியைப் பிடிக்க இதைவிட நல்ல முதல் கிடையாது. அந்த முதலை எப்படிச் செலவழிப்பது என்பதே இந்தக் கட்டுரை. பாதிக்கு மேல் ஜப்பானிய மொழியைப் பற்றித்தான் இருக்கும். காரணம் போகப் போகத் தெரியும்.

முதலில் ஒரு கசப்பை விழுங்கிவிடுவோம். மொழி மட்டும் தெரிந்தவருக்கு வேலை குறைவு. மொழிபெயர்ப்பாளர், வாடிக்கையாளர் சேவை, சுற்றுலா வழிகாட்டி, ஆசிரியர் என்று விரல்விட்டு எண்ணிவிடலாம். அதிலும் மேல்நிலைத் தேர்ச்சி கேட்பார்கள். கையில் ஒரு தொழில் இருந்து, கூடவே மொழியும் இருந்தால் கதை வேறு. இயந்திரப் பராமரிப்பு, தரக் கட்டுப்பாடு, கணக்கு, தாதிமை, சமையல், எதுவானாலும் சரி. ஆகவே மொழிக்காகப் பாலிடெக்னிக்கையோ திறன் பயிற்சியையோ கைவிட வேண்டாம். இரண்டும் ஒன்றாக ஓடட்டும்.

எந்த மொழி?

யூடியூபில் எது பிடிக்கிறதோ அதை எடுப்பது ஒரு வழி. ஆர்வம் மூன்று மாதம் தாங்கும், அதற்குப் பிறகு காரணம் வேண்டும். உங்கள் வீட்டிலிருந்து ஒரு மணி நேரப் பயணத்துக்குள் எந்த நாட்டு நிறுவனங்கள் இருக்கின்றன, நீங்கள் படிக்கும் தொழிலில் எந்த நாட்டு இயந்திரங்கள் ஓடுகின்றன, படிப்புதவி எந்த நாடு தருகிறது என்று மூன்று கேள்வி கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள்.

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996-இல் திறக்கப்பட்டது. அங்கே ஜெர்மனியின் இன்ஃபினியோன், ஆஸ்திரியாவின் ஏ.டி.அண்ட்.எஸ்., ஜப்பானின் ஃபுஜி எலெக்ட்ரிக் எல்லாம் இருக்கின்றன. பட்டர்வொர்த்–கூலிம் நெடுஞ்சாலையில் பினாங்குப் பக்கம் போனால் இன்னும் நிறைய. இதைப் பார்த்தவுடன் ‘ஜெர்மன் படித்தால் ஜெர்மன் கம்பெனியில் வேலை’ என்று கணக்குப் போடக் கூடாது. இங்குள்ள ஐரோப்பிய நிறுவனங்களில் வேலை மொழி ஆங்கிலம். நேர்காணலில் ஜெர்மன் கேட்க மாட்டார்கள். தலைமையகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பும்போதோ, ஜெர்மனிக்கே போய்ப் படிக்கும்போதோதான் அது கைகொடுக்கும். ஜெர்மனியில் அரசுப் பல்கலைக்கழகங்கள் பெரும்பாலும் கல்விக் கட்டணம் வாங்குவதில்லை. பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலமோ ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவரிடம் பருவத்துக்கு 1,500 யூரோ கேட்கிறது. தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே படிக்கும் ‘அவுஸ்பில்டுங்’ பயிற்சிக்குப் போக நினைத்தால் பொதுவாக பி1 எனும் இடைநிலைத் தேர்ச்சி வேண்டும். வகுப்புக்குப் பினாங்கில் மலேசிய-ஜெர்மன் சங்கம், கோலாலம்பூரில் கோதே நிலையம்.

ஜெர்மனில் தமிழருக்குக் கை வராதது பால். கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி அஃறிணை. ‘டேர் லோஃபல், டி காபல், தாஸ் மெஸர்.’ இதற்கு நியாயம் கேட்காமல் பெயரோடு சேர்த்தே மனப்பாடம் செய்ய வேண்டும். தனியாகப் பெயரை மட்டும் எழுதி வைத்தால் ஆறு மாதம் கழித்து எல்லாவற்றையும் மறுபடி படிக்க நேரும். கை வருவது வேற்றுமை. ‘எனக்குக் குளிர்கிறது’ என்பதை அவர்களும் ‘எனக்கு’ வைத்துத்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் வழியாகப் படிப்பவர் அங்கே திணறுவார்.

மாண்டரின் பற்றி ஒரு சொல். நம் நாட்டு வேலை விளம்பரங்களில் அதிகம் கேட்கப்படுவது அதுதான், மறுக்க முடியாது. ஆனால் அந்த விளம்பரத்துக்கு உங்களோடு போட்டியிடுபவர் சீனப்பள்ளியில் ஆறு ஆண்டு படித்தவர். அவரை எழுத்தில் முந்துவது கடினம், பேச்சில் சமாளிக்கலாம். விற்பனை, மருத்துவமனை முகப்பு, காப்புறுதி போன்ற வேலைகளுக்குப் பேச்சே போதும். தேர்வு வழியாகப் போனால் எச்.எஸ்.கே. எனும் சீனமொழித் தேர்வின் நான்காம் நிலைக்கு ஏறக்குறைய 1,200 சொல் என்பது பழைய ஆறு நிலை முறையின் கணக்கு. சீனப்பள்ளியில் படித்த தமிழ்ப் பிள்ளை என்றால் வேறு மொழி தேடாதீர்கள். எழுத்து மறந்துபோவதற்குள் அதையே சான்றிதழாக்குங்கள்.

கொரிய மொழிக்கு ‘தோப்பிக்’ தேர்வு. கீழ்த்தாள் 200 மதிப்பெண்: 80 எடுத்தால் முதல் நிலை, 140 எடுத்தால் இரண்டாம் நிலை. பின்வரும் பகுதியில் ஜப்பானிய இலக்கணத்தைப் பற்றிச் சொல்வதில் பெரும்பகுதி கொரியத்துக்கும் பொருந்தும்.

தமிழ் வழியாக ஜப்பானியம்

ஜப்பானியத்தை ஆங்கில விளக்கத்தோடு படிக்கும் தமிழ்ப் பிள்ளை, நேர்வழி இருக்கச் சுற்றுவழியில் போகிறார். ஆங்கிலத்துக்கும் ஜப்பானியத்துக்கும் வாக்கிய அமைப்பு தலைகீழ். தமிழுக்கும் ஜப்பானியத்துக்கும் ஏறக்குறைய ஒரே வரிசை: எழுவாய், செயப்படுபொருள், வினை. உருபும் சொல்லுக்குப் பின்னால் ஒட்டும். நமக்கு ‘ஐ’, அவர்களுக்கு ‘ஒ’. ‘இருந்து’ என்பதற்கு ‘கரா’, ‘வரை’க்கு ‘மதே’, ‘உடைய’வுக்கு ‘நோ’, ‘உம்’முக்கு ‘மோ’. கேள்விக்கு நாம் வாக்கியக் கடைசியில் ‘ஆ’ போடுகிறோம், அவர்கள் ‘கா’ போடுகிறார்கள். ‘என்று நினைக்கிறேன்’ என்பதில் வரும் ‘என்று’ அவர்களிடம் ‘தோ’.

இன்னும் உள்ளே போனால் சுவாரசியம். நாம் ‘சாப்பிட்டுப் பார்’ என்கிறோம். அவர்கள் ‘தபெதெ மிரு’ என்கிறார்கள். ‘மிரு’ என்றால் பார். ‘வாங்கி வை’ என்பது ‘கத்தெ ஒகு’. ‘ஒகு’ என்றால் வை. ‘மறந்துவிடு’ என்பதில் வரும் ‘விடு’வின் வேலையை ‘ஷிமாவு’ செய்கிறது. ‘காத்துக்கொண்டிரு’ என்பதன் ‘இரு’ அவர்களிடமும் ‘இரு’தான், தற்செயலாக. தமிழ்ப் பாடத்தில் வினையெச்சம், துணைவினை என்று படித்தீர்களே, அதுதான் இது. ஆங்கில விளக்கத்தில் ஒவ்வொன்றும் ஒரு தனிப் பாடமாக, தனி விதியாக வரும். தமிழில் ஒரே பாடம். ஐந்தாம் படிவத் தேர்வான எஸ்.பி.எம்.-இல் தமிழ் எடுப்பதா விடுவதா என்று தயங்குபவர் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

‘கோனோ, சோனோ, அனோ, தோனோ’ என்பது இந்த, உந்த, அந்த, எந்த. நம் பேச்சில் ‘உந்த’ இல்லை, யாழ்ப்பாணத்தாரிடம் இருக்கிறது: கேட்பவருக்கு அருகில் இருப்பது. ‘தருவது’ என்பதற்கு இரண்டு வினை: எனக்குத் தருவது ‘குரெரு’, பிறருக்குக் கொடுப்பது ‘அகெரு’. பழந்தமிழில் ‘தா’வும் ‘கொடு’வும் இப்படித்தான் பிரிந்திருந்தன, மலையாளத்தில் இன்றும் பிரிந்திருக்கின்றன.

இதையெல்லாம் பார்த்து இரண்டு மொழியும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். சுசுமு ஓனோ என்ற ஜப்பானிய அறிஞர் அப்படி வாதாடினார், மொழியியலார் பெரும்பாலோர் ஏற்கவில்லை. நமக்கு வேண்டியது உறவு அல்ல, அமைப்பு.

ஒத்துப்போகாத இடங்களையும் இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். ஒன்று, வினைக்கு ஆள் விகுதி கிடையாது. போகிறேன், போகிறான், போகிறார்கள் எல்லாவற்றுக்கும் ‘இகிமாசு’. இது லாபம். இரண்டு, ‘வா’, ‘கா’ (கேள்விக்கு வரும் ‘கா’ அல்ல, மெல்லோசை) என்ற எழுவாய் உருபுகளின் வேறுபாடு. தமிழில் ‘ராமன்தான் வந்தான்’ என்பதற்கும் ‘ராமனோ வந்தான்’ என்பதற்கும் உள்ள தொனி வேறுபாட்டை அவர்கள் உருபிலேயே காட்டுகிறார்கள். இது ஓராண்டுக்கு உறுத்திக்கொண்டே இருக்கும், கவலைப்பட வேண்டாம். மூன்று, ‘இருக்கிறது’ என்பதற்கு இரண்டு வினை. உயிருள்ளதற்கு ‘இரு’, உயிரற்றதற்கு ‘அரு’. நம் உயர்திணை, அஃறிணைக் கோட்டை அப்படியே கொண்டுபோனால் நாயை ‘அரு’வில் போட்டுவிடுவீர்கள். நாய்க்கும் பூனைக்கும் ‘இரு’.

எண்ணுச் சொற்களுக்குத் தமிழ் உதவாது, மலாய் உதவும். ‘செபாத்தாங் பென்சில், செஹெலாய் கெர்த்தாஸ், செஎக்கோர் கூச்சிங்’ என்று பள்ளியில் படித்த அதே முறை. நீண்ட பொருளுக்கு ‘ஹோன்’, அது பாத்தாங். தட்டையானதற்கு ‘மாய்’, அது ஹெலாய் அல்லது கெப்பிங். சிறு விலங்குக்கு ‘ஹிகி’, அது எக்கோர். ஆளுக்கு ‘நின்’, அது ஓராங். ஆங்கிலம் மட்டும் தெரிந்தவருக்கு இது ஒரு மாத வேலை.

உச்சரிப்பு: கிடைக்கும் லாபமும் விழும் குழியும்

குறில், நெடில் வேறுபாடு நமக்கு ரத்தத்தில் இருக்கிறது. ‘ஒபசன்’ என்றால் அத்தை, சித்தி வயதுப் பெண், ‘ஒபாசன்’ என்றால் பாட்டி. பல்லும் பாலும் வேறு என்று தெரிந்தவருக்கு இதில் குழப்பமே இல்லை. இரட்டை மெய்யும் அப்படித்தான். ‘கிதெ’ என்றால் வந்து, ‘கித்தெ’ என்றால் வெட்டி.

குழி எங்கே என்றால் நம் எழுத்தில். தமிழ் ‘க’ ஒன்றே வல்லோசைக்கும் மெல்லோசைக்கும். ‘த’வும் அப்படியே. ஜப்பானியத்தில் இரண்டும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு பொருள். பல்கலைக்கழகத்தைக் குறிக்கும் சொல் மெல்லிய ‘த’வில், நாம் ‘தம்பி’ என்பதில் அல்ல, ‘தர்மம்’ என்பதில் சொல்வோமே, அந்த ஓசையில் நாக்கைச் சற்றுப் பின்னால் வைத்துத் தொடங்குகிறது. அதையே அழுத்தி வல்லோசையில் தொடங்கினால் ‘படிப்பைப் பாதியில் விட்டது’ என்று பொருள். தமிழில் எழுதினால் இரண்டும் ‘தைகாகு’தான். நேர்காணலில் எதைச் சொல்ல வந்து எதைச் சொல்வோம் என்று யோசித்துப் பாருங்கள். அதனால் உச்சரிப்பைத் தமிழ் எழுத்தில் குறித்து வைக்கும் பழக்கம் முதல் நாளே வேண்டாம். (இந்தக் கட்டுரையில் நாங்கள் எழுதியிருப்பது அடையாளத்துக்கு மட்டும். அதைப் பார்த்து உச்சரிக்காதீர்கள்.) முதல் இரண்டு வாரம் ரூமி (ஆங்கில) எழுத்தில் குறியுங்கள், பிறகு அதையும் விடுங்கள்.

இன்னொரு குழி: சொல்லின் நடுவில் வரும் ‘க’வை நம் நாக்கு தானாக மெலித்துவிடும், ‘அகம்’ என்பதில் போல. ‘இகிமாசு’வின் ‘கி’யை ‘சிக்கி’ என்பதில் வரும் அழுத்தத்தில், ஆனால் இரட்டிக்காமல் சொல்லிப் பழக வேண்டும். ஒரு நிமிடம் உங்கள் குரலைக் கைப்பேசியில் பதிவு செய்து, மூலப் பதிவோடு அடுத்தடுத்துக் கேளுங்கள். வாரம் ஒரு முறை போதும். இதைச் செய்யாதவர்கள் இரண்டு ஆண்டு படித்தும் ‘இகி’யை ‘இஹி’ என்பார்கள், திருத்துவது பெரும்பாடு.

எழுத்து: முதல் ஐந்து வாரம்

ஜப்பானிய ஒலியெழுத்து இரண்டு வகை: ஹிராகானா 46, கத்தகானா 46. வரிசையைப் பாருங்கள்: அ, இ, உ, எ, ஒ. பிறகு க, ச, த, ந, ஹ, ம, ய, ர, வ. அரிச்சுவடி போல இருக்கிறதல்லவா? பௌத்தத்தோடு ஜப்பானுக்குப் போன சமஸ்கிருத எழுத்து முறைதான் இந்த வரிசைக்கு மூலம். நமக்கு அகராதி தேடுவது எளிது.

நாளுக்கு ஐந்து எழுத்து. ஒவ்வொன்றையும் கோட்டு வரிசை பிசகாமல் இருபது தடவை கையால் எழுதுங்கள், கைப்பேசியில் தட்டுவது கணக்கில்லை. பத்து நாளில் ஹிராகானா முடியும், நான்கு நாள் திருப்புதல். பிறகு கத்தகானா, அதே வேகம். ஐந்தாவது வாரம் இரண்டையும் கலந்து வாசியுங்கள்.

கத்தகானாவில் எல்லோரும் தடுக்கி விழும் இடம் ‘ஷி’யும் ‘த்சு’வும், ‘ன்’னும் ‘சோ’வும். பார்வைக்கு ஒன்றுபோல இருக்கும். வேறுபாடு பேனா போகும் திசையில் இருக்கிறது. ‘ஷி’, ‘ன்’ இரண்டிலும் சிறு கோடுகள் இடது ஓரத்தை ஒட்டி நிற்கும், நீளக் கோடு கீழிருந்து மேலே போகும். ‘த்சு’, ‘சோ’ இரண்டிலும் சிறு கோடுகள் மேல் ஓரத்தை ஒட்டி நிற்கும், நீளக் கோடு மேலிருந்து கீழே இறங்கும். கண்ணால் மட்டும் படித்தவருக்கு இது ஒருபோதும் பிடிபடாது, கையால் எழுதியவருக்கு மூன்று நாள்.

கத்தகானாவைப் பலர் ‘அப்புறம் பார்க்கலாம்’ என்று தள்ளுவார்கள். தொழிற்சாலைப் பக்கம் போக நினைப்பவர் தள்ளக் கூடாது. இயந்திரத்தில், கையேட்டில், உதிரிப்பாகப் பட்டியலில் இருப்பது பாதிக்கு மேல் கத்தகானாதான், அதுவும் ஆங்கிலத்திலிருந்து போன சொற்கள். வாசிக்கத் தெரிந்தால் பொருள் தானாக வரும்.

காஞ்சி

கோவிலுள்ள ஊர் அல்ல. சீனத்திலிருந்து போன எழுத்து. பொதுப் பயன்பாட்டுக்கு ஜப்பான் அரசு வகுத்த பட்டியலில் 2,136 இருக்கின்றன. மலைக்க வேண்டாம். ஜப்பானிய மொழித் தேர்வான ஜே.எல்.பி.டி.யில் என்5 கடைநிலை, என்1 உச்சம். என்5-க்குச் சுமார் 100, என்4-க்குச் சுமார் 300, என்3-க்குச் சுமார் 650 என்பது பயிற்சியாளர்கள் வைத்திருக்கும் கணக்கு, அதிகாரபூர்வப் பட்டியல் இல்லை. நாளுக்கு இரண்டு. தனி எழுத்தாகப் படிக்காதீர்கள், ஒரே எழுத்துக்கு இரண்டு மூன்று ஒலி உண்டு, சொல்லுக்குள் வைத்தால்தான் எந்த ஒலி என்று நிற்கும். தொழிற்சாலை ஆசை உள்ளவர் பாடநூல் வரிசைக்குக் காத்திராமல் ஐந்து சொல்லை முதலில் எடுக்கலாம்: கிகென் (ஆபத்து), அன்சென் (பாதுகாப்பு), ச்சூயி (கவனம்), தெய்ஷி (நிறுத்து), கின்ஷி (தடை).

அன்கி என்ற மின்னட்டைச் செயலி ஆண்ட்ராய்டில் இலவசம். மறக்கப் போகிற நேரம் பார்த்து அட்டையை மீண்டும் காட்டும். இதில் நடக்கும் தவறு ஒன்றே: முதல் வாரம் உற்சாகத்தில் நாளுக்கு முப்பது புதுச் சொல் சேர்ப்பது. பத்துச் சொல் சேர்த்தாலே ஒரு மாதத்தில் நாளுக்கு எழுபது, எண்பது அட்டை திருப்புதலுக்கு வந்து நிற்கும். முப்பது சேர்த்தவருக்கு இருநூறுக்கு மேல். ஒருநாள் விட்டால் மலை, ஒரு வாரம் விட்டால் செயலியையே அழித்துவிடுவார். பத்துக்கு மேல் வேண்டாம். இரவு ஷிப்ட் வாரத்தில் புதுச் சொல்லே வேண்டாம், திருப்புதல் மட்டும்.

நேரம்

அமெரிக்க வெளியுறவுத் துறை தன் அதிகாரிகளுக்கு ஜப்பானியம் கற்பிக்க 88 வாரம், 2,200 வகுப்பு மணி என்று கணக்கு வைத்திருக்கிறது. அது ஆங்கிலம் பேசுபவருக்கு, உயர்நிலைத் தேர்ச்சிக்கு. உங்களுக்கு இலக்கணச் சுமை குறையும், காஞ்சிச் சுமை குறையாது. நாளுக்கு ஒரு மணி நேரம் விடாமல் போனால் என்5-க்கு எட்டு முதல் பத்து மாதம், என்4-க்கு மேலும் ஓராண்டு என்று வைத்துக்கொள்ளலாம். எஸ்.பி.எம். எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் மாதங்களே தொடங்க நல்ல நேரம். அப்போது நாளுக்கு மூன்று மணி நேரம் கிடைக்கும். இரண்டு எழுத்து முறையும் பாதி என்5-உம் முடிந்துவிடும்.

12 மணி நேர ஷிப்டில் இருப்பவர் இப்படிப் பிரிக்கலாம். ஃபேக்டரி பஸ்ஸில் போகும்போது 25 நிமிடம் கேட்பது மட்டும். திரும்பும்போது அட்டை, தூக்கம் வந்தால் தூங்குங்கள். ஓய்வு நாளில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து இலக்கணமும் எழுத்தும். வேலை நாளில் புது இலக்கணம் படிக்க முயல்வது வீண், பக்கம் புரளும், மண்டையில் நிற்காது.

ஜப்பான் அறக்கட்டளையின் ‘மினாத்தோ’ இணையதளத்தில் தொடக்கநிலைப் பாடங்கள் பல இலவசம். வீட்டில் இணையம் மெதுவென்றால் முன்பு ‘பெடி’ என்றிருந்த ‘நாடி’ சமூக இணைய மையத்தில் கணினியும் இணையமும் உண்டு. ஆனால் தனியாகப் படித்தால் வாய் திறக்காது. மூன்றாவது மாதத்துக்குப் பிறகு வாரம் ஒருமுறையாவது ஆசிரியர் முன் பேச வேண்டும். பினாங்கில் சனிக்கிழமை வகுப்புகள் கெடாக்காரருக்கு வசதி, நமக்கு வார விடுமுறை வெள்ளியும் சனியும்.

தேர்வு

ஜே.எல்.பி.டி. ஆண்டுக்கு இரு முறை, ஜூலையிலும் டிசம்பரிலும், ஞாயிற்றுக்கிழமை. கெடாவில் ஞாயிறு பள்ளி நாள், பலருக்கு வேலை நாள். விடுப்புக் கடிதத்தைப் பதிவு செய்த அன்றே எழுதிக் கொடுங்கள். பதிவு தேர்வுக்கு மூன்று நான்கு மாதம் முன்பே திறந்து சீக்கிரம் மூடிவிடும். ஜூலைத் தேர்வென்றால் மார்ச் தொடக்கத்திலிருந்தே பார்த்துக்கொண்டிருங்கள். வடக்கே இருப்பவருக்குப் பினாங்கு மையம் அருகில்.

பெயர்ப் பிரச்சினை நம்மவருக்கு மட்டும் வருவது. மைகார்டில் ‘மகன்’, ‘மகள்’ என்பதற்கு உள்ள ‘ஏ/எல்’, ‘ஏ/பி’யின் சாய்கோட்டைச் சில இணையப் படிவங்கள் ஏற்காது. ஒரு சான்றிதழில் சாய்கோடு இல்லாமல், இன்னொன்றில் ‘ஏ எல்’ பிரித்து, மூன்றாவதில் அப்பா பெயர் முன்னால் என்று போனால் பிறகு விசாவின்போது மூன்றும் ஒரே ஆள் என்று நிரூபித்துக்கொண்டிருக்க வேண்டும். கடப்பிதழில் உள்ள வடிவத்தைப் பின்பற்றுங்கள். படிவம் ஏற்காவிட்டால் ஏற்பாட்டாளரிடம் மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்துங்கள்.

எல்லாத் தாளும் சரியான விடையைத் தேர்ந்தெடுப்பது, எழுத்தோ பேச்சோ சோதிப்பதில்லை. மொத்தம் 180. என்5-க்கு 80, என்4-க்கு 90, என்3-க்கு 95 எடுத்தால் தேர்ச்சி. ஆனால் பகுதிக்குத் தனிக் குறைந்தபட்சம் உண்டு. என்5, என்4 இரண்டிலும் கேட்டல் பகுதியில் 60-க்கு 19, மொழியறிவும் வாசிப்பும் சேர்ந்த பகுதியில் 120-க்கு 38. மொத்தம் 110 எடுத்தும் கேட்டலில் 18 என்றால் தோல்விதான். வீட்டில் அட்டையை மட்டும் புரட்டியவர்கள் இப்படித்தான் தோற்கிறார்கள். ஒலிப்பதிவு ஒரே முறைதான் ஓடும், கேட்டல் தொடங்கியபின் வந்தவரை உள்ளே விட மாட்டார்கள். பேருந்தை நம்பிப் போகிறவர் முந்தின நாளே பட்டர்வொர்த் பக்கம் உறவினர் வீட்டில் தங்குவது நல்லது.

சான்றிதழுக்குக் காலாவதி இல்லை. ஆனால் ஐந்தாண்டுக்கு முந்தைய என்4-ஐக் காட்டினால் நேர்காணல் செய்பவர் இரண்டு வாக்கியம் பேசச் சொல்லிப் பார்ப்பார்.

எந்த நிலை எதற்கு

என்5 வேலை வாங்கித் தராது. விண்ணப்பத்தில் ஒரு வரியாக நிற்கும், நீங்கள் தொடங்கியதை முடிப்பவர் என்று காட்டும், அவ்வளவே. என்4 இருந்தால் ஜப்பானிய நிறுவனத்தில் தொழில்நுட்ப உதவியாளருக்குப் பயிற்சியாளரோடு நெருங்க வழி பிறக்கும். என்3-இல் கையேட்டைத் தடவித் தடவி வாசிக்கலாம். கோலாலம்பூர், சைபர்ஜெயா, பினாங்கில் உள்ள பன்னாட்டுச் சேவை மையங்கள் ஜப்பானிய மொழிப் பணியாளரைத் தேடும்போது பெரும்பாலும் என்2 எதிர்பார்க்கின்றன. வாடிக்கையாளரோடு தொலைபேசியில் பேச அதுவே குறைந்த அளவு.

படிப்பு வழி இன்னொன்று. மலேசியா 1982 முதல் கிழக்கு நோக்கும் கொள்கையின் கீழ் மாணவர்களை ஜப்பானுக்கு அனுப்பி வருகிறது. ஜப்பான் அரசின் ‘மெக்ஸ்ட்’ படிப்புதவி தனி. தூதரகம் வழியாக விண்ணப்பிக்க வேண்டும், கல்விக் கட்டணமும் விமானச் சீட்டும் அவர்களுடையது. பட்டப்படிப்பு ஐந்தாண்டு, ‘கோசென்’ எனும் தொழில்நுட்பக் கல்லூரி நான்காண்டு, சிறப்புப் பயிற்சிக் கல்லூரி மூன்றாண்டு. மூன்றிலும் முதலாண்டு மொழிப் பயிற்சி. பட்டப்படிப்பை மட்டுமே எல்லோரும் குறிவைக்கிறார்கள். கைவேலையில் நாட்டமுள்ள பிள்ளை கோசெனைப் பார்க்காமல் விடுவது பிழை. ஜப்பானுக்குப் போகாமலே படிக்க நினைத்தால் கோலாலம்பூரில் மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் (யு.டி.எம்.) மலேசிய-ஜப்பான் பன்னாட்டுத் தொழில்நுட்பக் கழகமும், 2024 செப்டம்பரில் திறந்த சுக்குபா பல்கலைக்கழகக் கிளையும் இருக்கின்றன.

வேலையிடத்தில்

ஃபேக்டரியில் நுழைந்தவுடன் சுவரில் ‘ஃபைவ் எஸ்’ பலகை இருக்கும். செய்ரி, செய்தோன், செய்சோ, செய்கெத்சு, ஷித்சுகெ: தேவையற்றதை நீக்கு, இடத்தில் வை, துடை, ஒரே முறையாக்கு, பழக்கமாக்கு. ஐந்து ஜப்பானியச் சொல் இலவசம். அதைவிட முக்கியம் ‘ஹோரென்சோ’: அறிக்கை சொல், தகவல் கொடு, கலந்து பேசு என்ற மூன்றின் முதலசைகள். பசலை போன்ற ஒரு கீரைக்கும் அதே பெயர், அதனால் மறக்காது. இயந்திரம் நின்றால் தானே சரிசெய்து முடித்த பிறகு சொல்வது நம் பழக்கம், திறமை என்று நினைக்கிறோம். அவர்களுக்கு அது குற்றம். நின்ற அந்த நிமிடமே சொல்ல வேண்டும்.

மரியாதைச் சொல்லில் ஒரு தலைகீழ். நாம் வெளியாரிடம் பேசும்போதும் நம் மேலாளரை ‘அவர்’, ‘சார்’ என்போம். அவர்கள் வெளி நிறுவனத்தாரிடம் தம் மேலாளரைக் குறிக்கும்போது பெயருக்குப் பின் வரும் மரியாதை ஒட்டான ‘சன்’ சேர்க்க மாட்டார்கள், வெறும் குடும்பப் பெயர்தான். நம் பக்கத்தவரைத் தாழ்த்திச் சொல்வது எதிரே இருப்பவருக்கு மரியாதை. அதுபோல உங்கள் பெயரோடு நீங்களே ‘சன்’ ஒட்டிக்கொள்ளாதீர்கள்.

எண்ணில் பிழை விட்டால் பணத்தில் போய் முடியும். அவர்கள் பத்தாயிரத்தை அலகாக எண்ணுவார்கள். ‘இச்சிமான்’ பத்தாயிரம், ‘ஜூமான்’ ஒரு லட்சம். ஆங்கில ஆயிரங்களில் மொழிபெயர்த்துக்கொண்டு எண்ணினால் ஒரு சுழி கூடும் அல்லது குறையும். தேதியும் எண்ணிக்கையும் வரும் பேச்சில் எப்போதும் எழுதிக் காட்டி உறுதி செய்யுங்கள்.

விண்ணப்பத்தில் ‘ஜப்பானிய மொழி தெரியும்’ என்று எழுதாதீர்கள். ‘ஜே.எல்.பி.டி. என்4, டிசம்பர், மதிப்பெண் இவ்வளவு’ என்று எழுதுங்கள். அதற்கு மேலே தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றையும், பேச, வாசிக்க, எழுத எந்த அளவு என்று குறிப்பிடுங்கள். நம் பிள்ளைகள் தமிழை அந்த வரிசையில் விட்டுவிடுகிறார்கள். சென்னையிலும் ஒசூரிலும் ஆலை நடத்தும் நிறுவனத்துக்குத் தமிழும் ஜப்பானியமும் சேர்ந்து தெரிந்தவர் எளிதில் கிடைப்பதில்லை.

முகவர்கள்

என்5 கையில் வந்ததும் பேஸ்புக்கில் ‘ஜப்பானில் உடனடி வேலை’ என்று வரும். மலேசியாவில் வேலைக்கு ஆள் சேர்க்கும் முகவர் 1981-ஆம் ஆண்டின் தனியார் வேலைவாய்ப்பு முகமைச் சட்டப்படி உரிமம் வைத்திருக்க வேண்டும். உரிம எண்ணைக் கேளுங்கள், தொழிலாளர் இலாகாவில் சரிபாருங்கள். எண் கேட்டவுடன் கோபப்படுபவரிடம் மேற்கொண்டு பேச வேண்டியதில்லை. மாண்டரினோ வேறு மொழியோ தெரிந்தவருக்கு ‘தாய்லாந்தில் வாடிக்கையாளர் சேவை, தங்குமிடம் இலவசம், நேர்காணல் வாட்ஸ்அப்பில்’ என்று வந்தால் இரட்டிப்பு எச்சரிக்கை வேண்டும். அப்படிப் போன மலேசியர் பலர் மியன்மார், கம்போடிய மோசடி மையங்களில் அடைபட்டிருக்கிறார்கள். வேலை ஒப்பந்தம் கைக்கு வந்து, நிறுவனத்தின் முகவரியை நீங்களாகவே தேடி உறுதி செய்து, விசாவின் வகை ‘வேலை’ என்று கண்ணால் பார்த்த பிறகே கடப்பிதழை எடுங்கள். சுற்றுலா விசாவில் போ, அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.